‘மாநிலம் முழுவதும்’ என்றால் கொருக்குப்பேட்டையும் உண்டா?

வட சென்னையின் கொருக்குப்பேட்டையில் மாலை நேர டியூஷன் சென்டர் நடத்தும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “ஒரு அறக்கட்டளை ‘மாநிலம் முழுவதும் வாய்ப்புகளைப் பரவலாக்குவதே எங்கள் நோக்கம்’ என்று சொல்கிறது. எங்களிடம் நாற்பது பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்த அறக்கட்டளையை நம்பி விண்ணப்பிக்கலாமா, இல்லை இது சும்மா பேனருக்கு எழுதிய வரியா?” மேலோட்டமாகப் பார்த்தால் அந்த அறக்கட்டளை நிஜமா போலியா என்று கேட்பதுபோல இருக்கிறது. எனக்கென்னவோ அவர் கேட்பது வேறு என்று தோன்றுகிறது. இவ்வளவு பெரிய வாக்கியத்துக்குள் எங்கள் தெருவும் இருக்கிறதா என்று கேட்கிறார். முதல் கேள்விக்குப் பதில் சுலபம், ஒரு சாயங்காலத்தில் சரிபார்த்துவிடலாம். இரண்டாவதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். சமூகப் பணி படித்துவிட்டு, இரண்டு அறக்கட்டளைகளில் மொத்தம் பத்தொன்பது வருடம் கல்வி உதவித்தொகைப் பிரிவில் வேலை பார்த்தேன். விண்ணப்பித்த பிள்ளைகளின் வீட்டுக்கே போய் விசாரித்து, ‘கொடுக்கலாம்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ குறிப்பு எழுதுவது என் வேலை. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூர் என்று சந்து சந்தாக நடந்திருக்கிறேன். அதனால் படிப்பு விஷயத்தில் தைரியமாகப் பேசுவேன். மருத்துவ உதவி, தொழில் கடன் போன்றவற்றைச் செய்யும் அறக்கட்டளைகளோடு எனக்குப் பழக்கம் குறைவு. நான் வக்கீலும் இல்லை, ஆடிட்டரும் இல்லை. மார்ச் மாதம் தவறாமல் ஆடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்தவன், அவ்வளவுதான்.

முதலில் சுலபமானதை முடித்துவிடுவோம். ‘அரசு பதிவு பெற்ற டிரஸ்ட்’ என்று போட்டிருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மகாராஷ்டிராவில் பொது அறக்கட்டளைகளைக் கவனிக்கவென்றே அறக்கொடை ஆணையர் அலுவலகம் இருக்கிறது. மதம் சாராத அறக்கட்டளைகளுக்கு அப்படி ஒரு அலுவலகம் நம் மாநிலத்தில் கிடையாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரத்தைப் பதிந்தால் பதிவு முடிந்தது. வீட்டுப் பத்திரம் பதிவது மாதிரிதான். அதற்கப்புறம் கணக்கு வழக்கைக் கேட்பது பெரும்பாலும் வருமான வரித் துறைதான். ஆகவே வரிவிலக்குப் பதிவு உண்டா, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி அனுமதி உண்டா, அவை எந்தத் தேதி வரை செல்லும் என்று கேளுங்கள். முன்பெல்லாம் ஒருமுறை வாங்கினால் அப்படியே இருக்கும். 2021-க்குப் பிறகு காலக்கெடு வைத்துப் புதுப்பிக்கச் சொல்லிவிட்டார்கள். பழைய சான்றிதழை லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தொண்டு அமைப்புகள் பதிந்துகொள்ளும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் இணையதளத்தில் அவர்கள் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். விண்ணப்பக் கட்டணம், ‘புராசஸிங் ஃபீஸ்’ என்று ஐந்நூறு ரூபாய் கேட்டாலோ, போனில் ஓடிபி கேட்டாலோ அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குக் கொடுக்க வந்தவன் பிள்ளையிடமே கேட்கமாட்டான்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும், நோக்கத்தில் எழுதியிருப்பதும் பணம் போய்ச் சேரும் இடமும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இதற்கு நம் ஊரிலேயே பழைய சாட்சி இருக்கிறது. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, கடைப் பலகைகளுக்கு நடுவே கிரேக்கக் கோயில் மாதிரித் தூண்களோடு நிற்கிறதே பச்சையப்பன் மண்டபம், அதைத்தான் சொல்கிறேன். பச்சையப்ப முதலியார் 1794-இல் காலமானார். தன் சொத்தைப் பெரும்பாலும் கோயில் கைங்கரியங்களுக்கும் தர்மத்துக்கும் எழுதிவைத்திருந்தார். பணம் தகராறில் சிக்கி, கோர்ட்டு வரை போய், வட்டியோடு வளர்ந்தது. கடைசியில் கோயில் காரியங்களுக்குப் போக மிஞ்சியதைக் கல்விக்குத் திருப்பலாம் என்று ஏற்பாடாகி, 1842-இல் பிராட்வேயில் பள்ளிக்கூடம் திறந்தது. கிட்டத்தட்ட நாற்பத்தெட்டு வருடம். உயிலில் எழுதிய வாக்கியம் ஒன்று. அதைத் துரத்திப் பிடித்தவர்களால் நடந்தது வேறொன்று. நல்லதுதான் நடந்தது, ஆனால் தானாக நடக்கவில்லை.

இப்போது உங்கள் தெருவுக்கு வருகிறேன். ‘மாநிலம் முழுவதும்’ என்று சொல்லும் எவரும் மாநிலத்தைத் தெருத் தெருவாகப் பார்ப்பதில்லை, மாவட்டம் மாவட்டமாகப் பார்க்கிறார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு வருடம் திட்டமிடும் கூட்டம் நடந்தது. சுவரில் தமிழ்நாடு வரைபடம், பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சிவப்பு, முன்னேறியவற்றுக்குப் பச்சை. சென்னை பளிச்சென்று பச்சை. நான் வட சென்னை என்று வாயெடுத்ததும் மேலே இருந்தவர் சிரித்துக்கொண்டே, “சென்னைக்கு என்னங்க குறைச்சல்?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. கையில் இருந்த எண் அப்படி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு சுமார் 80 சதவீதம், சென்னை மாவட்டத்தில் சுமார் 90. மத்திய அரசு 2018-இல் வளர்ச்சியை நாடும் மாவட்டங்கள் என்று பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும் இடம்பெற்றன. பணம் கொடுப்பவர்களின் கண்ணும் அந்தப் பக்கம் போனது. போகட்டும், அங்கேயும் தேவை உண்டு. ஆனால் அடையாறும் கொருக்குப்பேட்டையும் ஒரே மாவட்டம் என்பதால், அடையாறு வாங்கிய மதிப்பெண்ணில் நாம் பாஸாகிவிடுகிறோம்.

இன்னொரு பக்கம், கிராமப்புறம் என்று வரம்பு வைத்த உதவிகளிலும் நமக்கு இடம் கிடையாது. மாநில அரசின் ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒன்று உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவார்கள். பெயரிலேயே ஊரகம் இருப்பதால் வியாசர்பாடிப் பிள்ளை எழுத முடியாது. நகரத்து ஏழைக்கென்று தனியாக ஒரு கட்டம் எந்தப் படிவத்திலும் நான் கண்டதில்லை. அதனால் அந்த அறக்கட்டளையிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பகுதிகளை மாவட்டக் கணக்கில் தேர்ந்தெடுக்கிறீர்களா, வார்டு அல்லது மண்டலக் கணக்கிலா? தண்டையார்பேட்டை மண்டலம், திருவொற்றியூர் மண்டலம் என்று பேசத் தெரிந்தவர்கள் என்றால் வந்து பார்த்தவர்கள். ‘சென்னையில் பண்ணுகிறோம்’ என்று மட்டும் சொன்னால், எந்தச் சென்னை என்று கேளுங்கள்.

அடுத்தது பள்ளியின் வகை. வெளியூர்க்காரர்கள் பலருக்கு இந்த நுணுக்கம் தெரியாது. ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளிகள் ஏராளம். மிஷன் பள்ளிகள், சமூகத்தார் நடத்துபவை, நூறு வருடம் தாண்டியவைகூட உண்டு. ஒரே வீட்டில் அக்கா மாநகராட்சிப் பள்ளியில், தம்பி எதிர்த் தெருவில் உள்ள உதவி பெறும் பள்ளியில் படிப்பது நமக்குச் சாதாரணம். அதே அப்பா, அதே வருமானம். ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் மருத்துவத்திலும் 2021-இல் பொறியியல் முதலான படிப்புகளிலும் வந்த 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் அக்காவுக்கு இடம் உண்டு, தம்பிக்கு இல்லை. புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியதே நம் பிராட்வே பக்கத்து பாரதி மகளிர் கல்லூரியில்தான். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய். நல்ல திட்டம். ஆனால் கல்லூரிக்கு எதிர் வீட்டில் இருந்து உதவி பெறும் பள்ளியில் படித்த பெண்ணுக்கு அப்போது கிடையாது. 2024 டிசம்பர் கடைசியில்தான் அந்தப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் விரித்தார்கள். தனியார் அறக்கட்டளைகள் இந்த அரசு வரம்பை யோசிக்காமல் அப்படியே எடுத்து, ‘அரசுப் பள்ளி மாணவர் மட்டும்’ என்று தங்கள் படிவத்தில் ஒட்டிவிடுகின்றன. விளைவு என்னவென்றால், அரசு ஏற்கெனவே கட்டணம் கட்டும் பிள்ளைக்கே அறக்கட்டளையும் கட்டணம் கட்ட வருகிறது. விடுபட்ட பிள்ளை மறுபடியும் விடுபடுகிறது. உங்கள் நாற்பது பேரில் எத்தனை பேர் உதவி பெறும் பள்ளி என்று இன்றைக்கே எண்ணி வையுங்கள். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதக்கூடிய மிக வலுவான வரி அதுவாக இருக்கும்.

பணம் வரும் மாதத்தையும் பாருங்கள். ஒருமுறை காசிமேட்டில் ஒரு வீட்டுக்குப் போனேன். பெண் பிளஸ் டூவில் நல்ல மார்க். அம்மா துறைமுகத்தில் மீன் வெட்டுபவர், அப்பா விசைப்படகில் கூலி. படிவத்தில் ‘மாத வருமானம்’ என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். அந்தம்மா கத்தியைக் கழுவிக்கொண்டே, “மாச வருமானம்னா இன்னா சார் எழுதுறது? மீன் வந்தா உண்டு, வரலைன்னா இல்ல. இப்ப சுத்தமா இல்ல” என்றார். நான் போனது மே மாதம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பிளஸ் டூ ரிசல்ட் வந்து, கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டு, முதல் தவணை கட்ட ஓடும் நாட்களும் அவைதான். வருடத்திலேயே கையில் காசு இல்லாத இரண்டு மாதத்தில்தான் காசு கேட்கிறார்கள். அரசு நிவாரணம் அரிசி, மளிகைக்குச் சரியாகிவிடும். நாங்கள் அந்தப் பெண்ணைத் தேர்வு செய்தோம், சந்தோஷமாகத் தேர்வு செய்தோம். முதல் காசோலை நவம்பரில் போனது. அதற்குள் அவர்கள் ஜூனில் வட்டிக்கு வாங்கியிருந்தார்கள். எங்கள் பணம் படிப்புக்குப் போகவில்லை, வட்டிக்காரரிடம் போனது.

ஏன் நவம்பர் என்று கேட்கலாம். அறக்கட்டளையின் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. வரிவிலக்கு வேண்டுமென்றால் அந்த வருட வருமானத்தில் 85 சதவீதமாவது செலவழித்துக் காட்ட வேண்டும் என்பது பொதுவான விதி. ஏப்ரல், மே மாதங்களில் பட்ஜெட் பேசி, ஜூலையில் விண்ணப்பம் கூப்பிட்டு, செப்டம்பரில் வீடு பார்த்து, அப்புறம் கமிட்டி கூடி. ஆக, கொடுக்கும் காலம் ஒன்று, தேவைப்படும் காலம் ஒன்று. ஜனவரி வந்ததும் மிச்சப் பணத்தைச் செலவழிக்க ஓடுவார்கள். பிப்ரவரியில் திடீரென்று போன் வந்து ‘நூறு பை வேண்டுமா, நூறு டேபிள் ஃபேன் வேண்டுமா’ என்று கேட்டால் காரணம் இதுதான். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கும், அதாவது சிஎஸ்ஆருக்கும், இதே மார்ச் காய்ச்சல் உண்டு.

சிஎஸ்ஆர் பற்றியும் ஒரு வார்த்தை. பல அறக்கட்டளைகளின் பணம் அங்கிருந்துதான் வருகிறது. 2014 ஏப்ரலிலிருந்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ சொத்து மதிப்போ உள்ள கம்பெனிகள் தங்கள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவழிக்க வேண்டும். தாங்கள் இயங்கும் பகுதிக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மணலியிலும் எண்ணூரிலும் எத்தனை ஆலைகள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மூக்கே சொல்லும். ‘மாநிலம் முழுவதும்’ என்கிற அறக்கட்டளைக்குப் பணம் தருபவர் இந்தப் பக்கத்து ஆலை என்றால், சுற்றுவட்டாரம் என்ற சொல்லை நீங்கள் மரியாதையாக நினைவுபடுத்தலாம். ஆனால் உங்கள் சென்டருக்கு நேராக அந்தப் பணம் வராது. செயல்படுத்தும் அமைப்புக்கு வரிப் பதிவுகள் வேண்டும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 பதிவு வேண்டும், பெரும்பாலான அமைப்புகளுக்கு மூன்று வருட முன் அனுபவமும் வேண்டும். ஆகவே பதிவுள்ள ஒரு அமைப்பின் கீழ் மையமாகச் சேர்வதுதான் உங்களுக்கு நடைமுறை. சேரும்போது வாடகை, ஆசிரியர் சம்பளம் யார் தலையில் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பேனர் அவர்களுடையது, கரண்ட் பில் உங்களுடையது என்று முடிந்த கதைகள் நிறைய.

இனி எனக்கே உறுத்துகிற ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தீபாவளிக்கு முன் எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போயிருந்தேன். பாவாடைத் துணி கிழித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, “அண்ணா, நல்லா இருக்கீங்களா?” என்றாள். நாங்கள் பொறியியல் படிக்க உதவிய பெண். முதல் வருடக் கட்டணம் முழுவதும் கல்லூரிக்கே நேராகக் கட்டியிருந்தோம். என்னம்மா இங்கே என்றேன். கல்லூரி ஊருக்கு வெளியே, காலேஜ் பஸ்ஸுக்குத் தனியாகப் பணம், இரண்டு முறை பஸ் மாறிப் போனால் முதல் வகுப்பு போய்விடும், இங்கிலீஷில் நடத்துவது புரியவில்லை, இரண்டு அரியர், அப்புறம் வீட்டில் பாட்டி விழுந்துவிட்டார். ஒன்றும் பெரிய காரணமில்லை. எல்லாம் சின்னச் சின்னதாக. “உங்களுக்கு போன் பண்ணலாம்னு நினைச்சேன்ணா, என்னன்னு சொல்றதுன்னு விட்டுட்டேன்” என்றாள். மீட்டர் கணக்குப் பார்த்து மடித்துக் கொடுத்தாள். அலுவலகம் போய் அந்த வருட அறிக்கையைப் புரட்டினேன். ‘வாய்ப்புப் பெற்றவர்கள்’ எண்ணிக்கையில் அவளும் இருந்தாள். அவளைச் சேர்த்து எழுதியது நான்தான்.

அதிலிருந்து எனக்கு உறுதியாகிவிட்டது இது: காசோலை கொடுத்த எண்ணிக்கையைச் சொல்லும் அறக்கட்டளைக்கும், இரண்டாம் வருடமும் கல்லூரியில் இருப்பவர் எண்ணிக்கையைச் சொல்லும் அறக்கட்டளைக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். அவர்களிடம் கேளுங்கள், “போன வருடம் கொடுத்ததில் இன்றைக்கு எத்தனை பேர் வகுப்பில் இருக்கிறார்கள்?” பதில் எண்ணாக வந்தால் நல்லது. கொஞ்சம் வெட்கத்தோடு வந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கைதட்டும் போட்டோவாக வந்தால் யோசியுங்கள்.

எது வேலை செய்யும் என்பதில் என் அனுபவம் தெளிவாகச் சொல்வது இரண்டு மூன்றுதான். மாதம் ஒருமுறை அந்தப் பிள்ளைக்குப் பெயர் சொல்லிப் போன் பண்ணும் ஒரு ஆள். ஜூனில் கையில் கொடுக்கும் சின்னத் தொகை. அப்புறம், கேட்டால் சிரிப்பீர்கள், சான்றிதழில் பெயர் திருத்தம். ஆதாரில் இனிஷியல் பின்னால், மார்க் ஷீட்டில் முன்னால், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுசாக. இதனாலேயே அரசு உதவித்தொகை திரும்பிப் போன பிள்ளைகளை நான் கை விரலில் எண்ண முடியாது. வீட்டை இடித்து பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ அனுப்பப்பட்ட குடும்பம் என்றால் முகவரியும் சேர்ந்து குழம்பும். இ-சேவை மையத்துக்கு மூன்று நாள் அலைய ஒருவருக்குக் கூலி கொடுத்தால் பத்துப் பிள்ளைக்கு வழி திறக்கும். எந்த அறக்கட்டளையும் இதைத் தன் நோக்கத்தில் எழுதுவதில்லை, மேடையில் சொல்ல அழகாக இருக்காது. ஊக்கப் பேச்சு முகாம், டேப்லெட் வழங்குதல், இரண்டு நாள் ஆளுமைப் பயிற்சி இவற்றைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் திரும்புகிறார்கள். ஆறு மாதம் கழித்து என்ன மாறியது என்று யாரும் எனக்குக் காட்டியதில்லை. நுழைவுத் தேர்வுப் பயிற்சி சிலருக்குப் பெரிதாக உதவியிருக்கிறது. ஆனால் ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்களைத்தான் அதற்குப் பொறுக்குகிறார்கள் என்பதால், பயன் பயிற்சியாலா, பொறுக்கலாலா என்று பிரித்துச் சொல்ல மாட்டேன்.

ஆகவே விண்ணப்பியுங்கள். நம்பிக்கை வைத்து என்று சொல்லவில்லை, கேள்விகளோடு. பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டை ஒழுங்காக வையுங்கள். சாதாரண நாற்பது பக்க நோட்டே போதும், தேதியும் கையெழுத்தும் இருந்தால் எந்த அறிக்கையையும்விட அதைத்தான் நான் முதலில் வாங்கிப் பார்ப்பேன். பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் இருப்பவர்களின் ஆதார், மார்க் ஷீட், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரைச் சரிபாருங்கள், அறக்கட்டளை வந்தாலும் வராவிட்டாலும். அவர்கள் நேரில் பார்க்க வருகிறோம் என்றால் மதியம் மூன்று மணிக்குக் கூப்பிடாதீர்கள், காலி பாயைத்தான் பார்ப்பார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கள், சென்டர் நிரம்பி, இரண்டு பேர் வாசல்படியில் உட்கார்ந்து கணக்குப் போடும் நேரம். வழியை மட்டும் விளக்கமாகச் சொல்லிவிடுங்கள். எங்கள் ஆபீஸிலிருந்து அப்படி வந்த ஒருவர் ரயில்வே கேட் மூடியிருக்கிறது என்று காருக்குள்ளேயே இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டு, அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறார். அந்த சென்டர் பட்டியலில் வரவில்லை.